ரோல் செலவு மிச்சம் என்றாயே

என் உயிரான அண்ணனுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. எல்லாரும் அழுது முடித்துவிட்டார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. உன்மேல்தான், அண்ணா.

போன வாரம் படப்பையிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் அப்பா நம் ஸ்டூடியோவுக்கு வந்தார். நீ கடைசியாக எடுத்த கல்யாணம். "தம்பி போனது கஷ்டமாத்தான் கீது. மிச்ச போட்டோவெல்லாம் எப்பம்மா தருவ?" என்றார்.

அவர் கேட்டது உன் உயிரைக் குடித்த அந்த மூவாயிரம் படங்களை. நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்னபோதே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "இந்தக் கல்யாணத்த முடிச்சிக் குடுத்துட்டுப் போலாம் கௌரி" என்றாய். மறுநாள் மதியம் கம்ப்யூட்டர் முன்னாலேயே சாய்ந்தாய்.

ஃபிலிம் கேமராவை விற்று டிஜிட்டல் வாங்கியபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். சுங்குவார்சத்திரத்தில் தெரிந்தவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய். "ரோல் வாங்க வேணாம், கழுவ வேணாம். செலவெல்லாம் மிச்சம்" என்றாய். யாருக்கு மிச்சம்? ரோலுக்கும் கழுவவும் காசு கொடுத்தது கல்யாண வீட்டுக்காரர்கள். நீ படம் எடுத்தாய், லேபில் கொடுத்தாய், வீட்டுக்கு வந்து தூங்கினாய். டிஜிட்டல் வந்ததும் ஒவ்வொரு படத்தையும் பார்த்துச் சரிபண்ணும் லேப் வேலையும் உன் தலையில் விழுந்தது. அதற்குக் கூலி கேட்டால், "ரோலா போடுற? சும்மா கிளிக்குதானே" என்றார்கள். நீயும் சிரித்துக்கொண்டு தலையாட்டினாய்.

நான் ஃபிலிமைத் தூக்கிப் பிடிக்கவில்லை. ஒருமுறை தாலி கட்டும் படம் மொத்தமும் கருப்பாக வந்து, அந்தப் பெண் வீட்டில் நீ கைகட்டி நின்றாயே. அந்தப் பயம் இப்போது இல்லை. ஆனால் அந்தப் பழைய கேமரா பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தது. அதற்குப் பிறகு எத்தனை மாற்றினாய்? புதுசுக்குப் பழைய லென்ஸ் பொருந்தாது, அதற்கு ஒரு லோன். படத்தின் கனம் தாங்காமல் கம்ப்யூட்டர் திணறியது, அதற்கு ஒரு லோன். ஹார்டு டிஸ்க் செலவு தனி. நீ போன பிறகும் கடைசி கேமராவுக்குத் தவணை போகிறது. அதைக் கட்டத்தான் அண்ணி ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்.

நானும் அங்கே கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்தவள்தான். சூப்பர்வைசர் திட்டுவான், கால் வீங்கும், ஆனால் கூடுதல் நேரம் ஓ.டி. பார்த்தால் காசு வரும். "அத வுட்டுட்டு வா, நம்ம கடை" என்று கூப்பிட்டாய். நம்ம கடையில் யாருக்கு ஓ.டி. கொடுத்தோம்? உனக்கே நீ கொடுத்துக்கொள்ளவில்லையே.

அந்தப் பெரியவரிடம் சொன்னேன்: "நூறு படம் நீங்களே பொறுக்கிக் குடுங்க, சரி பண்ணித் தர்றேன். அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் தனிக் கூலி."

"இன்னாமா புதுசா பேசுற? உங்க அண்ணன் ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லயே."

"கேட்டிருந்தா உயிரோட இருந்திருப்பாரு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே கண்ணைக் கசக்கினார். "எல்லாம் ஒரே மாதிரிதானே கீது. இத்தனையும் தம்பி உக்காந்து பாத்தாரா?"

"ஒண்ணு விடாம" என்றேன்.

அவர் பொறுக்கியது நூறுகூட வரவில்லை. "மிச்சத்த அப்படியே பென் டிரைவுல போட்டுக் குடு, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவுதானா அண்ணா? ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ஏன் வாய் வரவில்லை? கல்யாணம் வேறு கடைக்குப் போய்விடும் என்று பயந்தாயா? போகத்தான் செய்கிறது. இந்த மாதம் இரண்டு போய்விட்டது. போகட்டும். கல்யாணம் போனால் இன்னொன்று வரும். நீ வருவாயா?

இந்தக் கேமரா சாகும்வரை இன்னொன்று வாங்க மாட்டேன். தவணை முடிந்த மறுநாள் அண்ணியை அந்த பஸ்ஸிலிருந்து இறக்கிக் கடையில் உட்கார வைப்பேன், சம்பளம் போட்டு. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு, இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். இது உனக்கு என் வாக்கு. மன்னிப்பை மட்டும் இப்போது எதிர்பார்க்காதே.

உன்மேல் கோபம் ஆறாத தங்கச்சி,
கௌரி