சுவருக்கு இரு பக்கமும் சோறு தின்ற டைகர்

இன்று காலை நெத்தலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளியபோது கை தானாக வாசல்பக்கம் நீண்டது. அங்கே டைகர் இல்லை. அவன் போய்ச் சேர்ந்து நான்கு வருடம், நீ போய் இரண்டு. உங்கள் இருவரையும் சேர்த்தேதான் நினைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பூனை அளவு நாய்க்கு அந்தப் பெயரை வைத்தவள் நீதான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீடு நமக்கு, இரண்டு காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். என் வீட்டில் தின்று உன் வீட்டில் தூங்குவான். நாம் பேசாமலிருந்த மூன்று வாரமும் இரண்டு வீட்டிலும் தின்று உருண்டையாகிவிட்டான்.

எல்லாம் ஒரு தேயிலைச்செடி நிரைக்காக. தேத்தண்ணி குடித்துவிட்டு மலைக்குத் திரும்பினால் ஒரே மூடுபனி. என் நிரையில் நீ கொழுந்து கிள்ளுகிறாய் என்று கங்காணி முன்னாலேயே உன்னைத் திருடி என்றேன். பனி விலகியதும் பார்த்தால், நிரை மாறி நின்றவள் நான். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. வறட்டுக் கௌரவம்.

அதன்பிறகு நாம் டைகரிடம்தான் பேசினோம். சில பேருக்குக் கண் தெரியாது என்று சுவருக்கு அந்தப் பக்கம் அவனிடம் உரக்கச் சொல்வாய். நானும் அவனிடமே பதில் சொல்வேன்.

ஒரு சாயங்காலம் கருவாட்டுப் பொட்டலத்தைக் கிழித்துத் தின்றுவிட்டான். விளக்குமாற்றால் ஒன்று வைத்தேன். ஓடினான். நான் சோறு வடிப்பதற்குள் திரும்பி வந்து என் காலில் முகவாயை வைத்துப் படுத்துக்கொண்டான். தப்புச் செய்தவனும் அவன், முதலில் வந்தவனும் அவன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அப்படியே உன் வாசலில் வந்து நின்றேன்.

"நாந்தான் நெரை மாறிட்டேன். ஒன்னையத் திருடின்னது தப்பு."

"அன்னைக்கே தெரியும்," என்றாய். "எங்கிட்ட சொன்னது சரி. நாளைக்குப் பெரட்டுல சொல்லு."

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னேன். கங்காணி சிரித்தார். நான் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

போன வாரம் உன் மகளோடு வாய்த்தகராறு. தப்பு என்மேல். வீடு திரும்பும்வரை பொறுக்காமல் மலையிலேயே, அத்தனை பேர் பார்க்க, அவளிடம் போய்ச் சொன்னேன். இந்த வயதில் எதற்குப் பெரியம்மா என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உன்னோடு பேசாமல் கழித்த அந்த மூன்று வாரம் இப்போது எனக்கு வேண்டும். கிடைக்காது. இனி யாரிடமும் ஒரு பொழுதைக்கூட அப்படி விடமாட்டேன்.