கிளிங்கானில் எழுதிய பிறந்தநாள் கடிதம்

அன்புத் தம்பி ஆல்வினுக்கு,

ஊரப்பாக்கத்திலிருந்து அக்கா ரெபேக்காள் எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இந்தக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். உனக்குக் கொடுப்பதற்கு முன் ஜெயிலில் படிப்பவர்களுக்கும் புரியட்டும்.

உன் பிறந்தநாளுக்கு அனுப்பிய கடிதம் உன் கைக்கு வரவில்லை என்று வக்கீல் துர்காதேவி சொன்னார். எப்படி வரும்? மூன்று பக்கமும் கிளிங்கான் மொழியில் எழுதித் தொலைத்தேனே. பொத்தேரி ஹாஸ்டலில் நீ கற்றுக்கொண்டு வந்து, என்னையும் உட்கார வைத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் சிவப்புப் பேனாவால் திருத்தினாயே, இந்தத் தடவை ஒரு பிழைகூட இருக்கக் கூடாது என்று பத்து நாள் உட்கார்ந்து எழுதினேன். புத்தி கெட்டவள்.

ரகசியக் குறியீடு என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். உன்மேல் இருந்தது கடப்பாக்கம் சாலை மறியலில் கல் எறிந்த வழக்குதான், இப்போது சதி என்கிறார்கள். என் கடிதத்தைக் காட்டித்தான் உன் ஜாமீனை எதிர்த்தார்கள். என்னால்தான், தம்பி.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, "இது இன்னா பாஷைம்மா, எந்த ஊர்ல பேசறாங்க?" என்று கேட்டார். வேற்றுக்கிரகத்துப் போர்வீரர்கள் பேசுவதாகச் சினிமாவுக்கு உண்டாக்கிய மொழி என்றேன். ஸ்டேஷனே சிரித்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அர்த்தம் சொல்லச் சொன்னார். பூனை மீனைத் தின்றது. உன் சைக்கிளில் காற்று இல்லை. வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், கடைசி வாக்கியத்தில் பேனாவை மூடிவிட்டு, "சரி, நீ போம்மா" என்றார்.

நான் சொன்ன அர்த்தம் சரிதான் என்று சொல்ல ஆள் வேண்டுமாம். எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் அந்த மொழி தெரிந்த இன்னொரு ஆள் நீதான். உனக்கு நீயே சாட்சி சொல்ல முடியாதாம். பெங்களூரில் ஒருவரைத் துர்காதேவி தேடிப் பிடித்திருக்கிறார். அவர் வருவாரா, தெரியாது. பதினான்காம் தேதி விசாரணை.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி ஊசி வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்றார்கள். இரண்டு ஸ்பூன் கஞ்சிதான் இறங்குகிறது. கதவு சத்தம் கேட்டால், "ஆல்வினு வந்துகினு கீறானா?" என்கிறாள். ஆமாம் என்கிறேன்.

அந்தக் கடைசி வாக்கியம் அம்மாவைப் பற்றியது. தமிழில் எழுதத் தைரியம் இல்லாமல்தான் அந்த மொழியில் எழுதினேன். நீ தெரிந்துகொள்வதற்கு முன்பே இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டுவிட்டார். இப்போதும் அதைத் தமிழில் எழுத எனக்குக் கை வரவில்லை.

கோர்ட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கோபப்படாதே. விளையாட்டுக்குக்கூட கிளிங்கானில் ஒரு வார்த்தை முணுமுணுக்காதே. கர்த்தர் உன்னைப் பத்திரமாக நடத்தி வரட்டும். அம்மாவுக்கு உன் முகம் தெரியும்போதே வந்து நில், தம்பி.

உன் அக்கா,
ரெபேக்காள்