கடற்பசுக் காசு

உப்பளத்தடி, மன்னார்.
1996 ஆவணி

அன்பு மகன் யோகராசுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியாத்தா புண்ணியத்தில் நான் எழும்பி நடமாடுகிறேன், நீயும் சிட்னிக் குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மூன்றாம் வகுப்போடு வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம் என்பது உனக்குத் தெரியும். உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் கூட்டாளி யாராவது இருந்தால் கூப்பிட்டு வைத்துக்கொள்.

நீ தை மாதம் அனுப்பிய வெள்ளிக்காசைப் பற்றித்தான் முதலில் எழுதுகிறேன். அழிந்துகொண்டு போகும் மிருகங்களை இப்படிக் காசில் அடித்து விற்கிறார்கள், சேர்த்து வைக்கிறவர்கள் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள் என்று நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிய அன்றே வீட்டில் கூத்து. தாயும் குட்டியுமாக நீந்துகிற அந்தப் பிராணியைக் கடற்பசு என்று நான் சொல்ல, ஏங்க, பசுன்னா எத்தன போத்தல் பால் கறக்கும்னு தம்பிகிட்ட கேட்டு எழுதுங்க என்றாள். இத்தனை வருசம் மன்னாரில் உப்பு வாரியும் அவள் வாயிலிருந்து மலைநாட்டுப் பேச்சுப் போகவேயில்லை. மீன்கார யாகப்பர் பார்த்துவிட்டு, ஓம் அக்கா, இது எங்கட கடலில கிடந்ததுதான், சின்னனில நான் கறி திண்டிருக்கிறன், இப்ப கண்ணில காணவும் கிடையாது என்றார். எல்லாத்தையும் தின்னுப்புட்டு இப்ப காசுல தேடுறீங்களா என்று கேட்டாளே ஒரு கேள்வி, மனிதர் அன்றைக்கு மீனுக்குக் காசு வாங்க மறந்து போய்விட்டார்.

விரல் படக்கூடாது, பட்டால் கறை பிடிக்கும், பிறகு யாரும் வாங்கமாட்டார்கள், நான் வரும்வரை கண்ணாடி மூடியைத் திறக்கவே வேண்டாம் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்தச் சட்டத்தை அம்மா நடத்திய விதத்தை என்ன சொல்ல, ஆமிக்காரரின் சென்றியில்கூட அப்படிச் சோதனை கிடையாது. பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி பார்க்கக் கேட்டால் தானே பிடித்துக்கொண்டு, மூச்சு விடாம பாருங்க என்பாள். நான் கை நீட்டினால், உப்புக் கை, எடுங்க என்று அடி விழும்.

மகனே, இதற்கு மேல் சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை. அம்மா போய்விட்டாள். ஆடிக் கடைசிச் செவ்வாய் உப்பளத்திலிருந்து வந்து முகம் கழுவியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாகப்பர் எங்கேயோ ஓடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு வண்டி பிடித்து வந்தார், ஆனால் எங்கோ வெடிச்சத்தம் கேட்டு ஆமிக்காரர் றோட்டைப் பூட்டியிருந்தார்கள். திறக்கும்வரை சந்தியிலேயே நின்றோம், திறப்பதற்குள் என் மடியிலேயே முடிந்துவிட்டது. தம்பிக்கு எழுதாதீங்க, வேலைக்குப் போகாம கெடக்கும் என்றாள், அதுதான் கடைசிப் பேச்சு. தொலைபேசி லைனும் இல்லை, கொழும்புக்குப் போகிற ஃபாதர் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நெற்றியில் காசு வைக்கப் பெண்கள் தேடினால் வீட்டில் ஒரு குத்திக்காசு இல்லை. சில்லறைத் தட்டுப்பாடு, கடைகளில் மிச்சத்துக்கு டொபிதான் கொடுக்கிறார்கள். அவளுடைய சில்லறைப் பேணியைக் கவிழ்த்தால் எல்லாம் டொபி. அவள் கண்டிருந்தால், அதையே ஒண்ணு வைங்க, இனிப்பாப் போறேன் என்று சிரித்திருப்பாள். பரமேஸ்வரி அந்தர அவசரத்தில் உன் வெள்ளிக்காசை எடுத்துச் சந்தனம் பூசி வைத்துவிட்டாள். நான் கண்டேன், தடுக்கவில்லை. காவல்காரியே போன பிறகு யாருக்கு என்ன சட்டம்.

நீ வைக்க வேண்டிய கொள்ளியை நான்தான் வைத்தேன். நெற்றிக்காசு சுடலையில் வேலை பார்க்கிறவருக்குச் சேருவதுதானே வழக்கம், அந்த மனிதர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அண்ணை, இது கடையில செல்லாது, பிள்ளையின்ர சாமான், நீங்களே வச்சிருங்கோ என்று என் சால்வைத் தலைப்பில் முடிந்துவிட்டார். மறுநாள் சந்தனத்தைக் கழுவினால் குட்டியின் முதுகில் பழுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம். அன்றைக்குப் பட்டதில்லை, எப்பவோ பட்டு ஏறிப்போன கறை. நடுவிலே குறுக்காக ஒரு கோடு, உப்பு வாரும் பலகை பிளந்த தழும்பு, உனக்குச் சோறு ஊட்டின விரலடா. எங்களை எல்லாம் துரத்தி அடித்தவள், ஆளில்லாத நேரம் மூடியைத் திறந்து குட்டியைத் தடவியிருக்கிறாள், கள்ளி. கண்டதும் சிரித்தேன். சுடலையில் அழாதவன், சிரித்துக்கொண்டே அன்றைக்குத்தான் அழுதேன்.

இப்போது அவசரப்பட்டு வராதே, பாதை சரியில்லை, முப்பத்தோராம் நாள் காரியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பட்டினி கிடக்காதே, அவள் பேச்சைத் தட்டாமல் வேலைக்குப் போ. எனக்குப் பரமேஸ்வரிதான் சோறு தருகிறாள், கறியில் உப்புக் கூடுதல், உப்பளத்தான் உப்புக்கு முறையிட்டால் ஊர் சிரிக்கும் என்று வாயை மூடிக்கொண்டு தின்கிறேன். மாரியாத்தா உன் தலைமாட்டில் நின்று காக்கட்டும், அம்மாவும் இனி அங்கேதான் நிற்பாள்.

காசை மறுபடி மூடிக்குள் வைத்திருக்கிறேன். சேர்க்கிறவர்கள் இனி அதை வாங்கமாட்டார்கள், நல்லதாய்ப் போயிற்று. நீ வந்து மூடியைத் திறந்து உன் விரலை அதன்மேல் வைத்துப் பார், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். துடைத்துவிடாதே, அது மட்டும்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
முத்துக்கருப்பன்