மூன்றாவது பிழை

மே 4

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கு நலம். போனில் நீ ஒன்று கேட்க, என் மந்தக் காதில் வேறொன்று விழுகிறது. நமக்குத் தபால்தான் சரி.

அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். தொற்றுக்குப் பயந்து பகல் இல்லத்தை மூடிவிட்டார்கள். உதவிக்கு வந்த பெண்ணும் நின்றுவிட்டாள். மறதிக்காரியோடு நாள் முழுக்க நான்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "என் வீட்டுக்குப் போகணும், வண்டி கூப்பிடுங்க" என்கிறாள். வாசல்வரை கூட்டிப்போய்த் திரும்ப உள்ளே கூட்டிவருகிறேன். எனக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மறுத்துவர் இப்போதைக்கு வீட்டுக்கு வரமாட்டாராம். அம்மா நன்றாகச் சாப்பிட்டாள்.

முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று எழுதியிருந்தாய். அந்தப் பேச்சே வேண்டாம். நான் இருக்கிறேன்.

உன் அப்பா

மே 13

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். விடுதியிலிருந்து நான் எழுதியவற்றை நீங்களும் இப்படித்தான் திருப்பி அனுப்புவீர்கள். "பாசம் சரி, சந்தி சரியில்லை" என்று அடியில் குறிப்பு வேறு!

முப்பத்தெட்டு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர் நீங்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட ஒற்றுப்பிழை தேடிவிட்டுத்தான் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பீர்கள். அப்பேர்ப்பட்டவர் மருத்துவரை 'மறுத்துவர்' என்று எழுதியிருக்கிறார். வர மறுத்துவிட்டார் என்று குத்தலாக எழுதினீர்களோ என்று சிரித்தேன். பிறகு பார்த்தால், ஒரே பத்தியில் அம்மா இரண்டு முறை நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள். எனக்குப் பகீர் என்றது.

நீங்கள் சாப்பிட்டீர்களா? தூங்குகிறீர்களா? பிரஷர் மாத்திரை இருக்கிறதா? மழுப்பாமல் எழுதுங்கள்.

உங்கள் வாயாடி

மே 21

அன்புள்ள மகளுக்கு,

திருத்தங்கள் சரியே. அதன் பிறகு மூன்றாவது பிழை ஒன்று நடந்துவிட்டது. அது தாளில் இல்லை.

போன வெள்ளிக்கிழமை காலை குளிப்பாட்டும்போது, சோப்பை என் முகத்தில் எறிந்தாள். நான் அவள் கையில் அடித்துவிட்டேன். ஓங்கியே அடித்தேன். நாற்பத்தாறு வருடத்தில் முதல் முறை. அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு, "சார், அடிக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துடுவார்" என்றாள்.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். மாத்திரை தீர்ந்து பதினைந்து நாளாகிறது. அவளைத் தனியே விட்டுவிட்டு எப்படிக் கடைக்குப் போவது? சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கி ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

நீ சொன்ன இல்லத்திலேயே சேர்த்துவிடு. என் கைக்கு எட்டாத இடத்தில் அவள் இருக்கட்டும்.

அப்பா

ஜூன் 5, நம் வீட்டு மாடியறை

அன்புள்ள அப்பா,

மாத்திரைகளை வாசலில் வைத்துவிட்டு நான் ஓட்டமாக மாடியேறியது உங்களுக்கு வருத்தம் என்று தெரியும். நான் வந்த வண்டியில் பாதிப் பேர் இருமினார்கள். பதினான்கு நாள் யாரும் என் அருகில் வரக்கூடாது. என் சமையலை நானே இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

இல்லத்தில் விசாரித்தேன். சேர்த்தால் பார்க்கவே விடமாட்டார்களாம். அதை நான் எழுதியதே தப்பு. நான் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கில் மேலாளர், "இப்ப போனா, திரும்பி வர்றப்ப வேலை இருக்காதும்மா" என்றார். இல்லாவிட்டால் போகட்டும், வேறு தேடிக்கொள்வேன்.

19ஆம் தேதி காலை ஆறு மணியிலிருந்து அம்மா என் பொறுப்பு. நீங்கள் மாடிக்கு வந்து தூங்க வேண்டும். அதுவரை அவள் அடம்பிடித்தால் குளிப்பாட்டாதீர்கள். இரண்டு நாள் குளிக்காவிட்டால் குடி முழுகிவிடாது. கோபம் வந்தால் மாடிப்படியில் நின்று என்னைத் திட்டுங்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை, அப்பா. களைத்துப்போய்விட்டீர்கள்.

வாயாடி

ஜூன் 19

அன்புள்ள மகளுக்கு,

இதை உன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

இந்தப் பதினான்கு நாளில் ஒருமுறைகூடக் கை ஓங்கவில்லை. நான்கு முறை படியில் நின்று உன்னைத் திட்டினேன். கேட்டிருக்கும்.

நான் தூங்கி எழுந்த பிறகு வேலையைப் பிரித்துக்கொள்வோம். சாப்பாடு, மருந்து, வாசலுக்கும் உள்ளுக்கும் நடை எல்லாம் நான் செய்வேன். குளிப்பாட்டுவதை மட்டும் நீயே வைத்துக்கொள். அது என்னால் முடியவில்லை. இப்படி நான் யாருக்கும் எழுதியதில்லை.

அம்மாவும் இங்கேதான் நிற்கிறாள். எழுதும் கை போக மற்றக் கையை அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மணி ஆறாகிவிட்டது. கதவைத் திற.

அப்பா