கிடைக்காத தேடல்களின் பட்டியல்

இன்று அலுவலகத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். உன் மேசையை நகர்த்தியபோது அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டு செருகிக்கொண்டு நின்றது. தேயிலைப் பெட்டியை வெட்டிச் செய்த அட்டை. மூக்கருகில் கொண்டுபோனால் இன்னும் தூள் வாசம் அடிக்கிறது. பேனாவை அழுத்தி எழுதும் உன் கோபக்கார எழுத்தில், "கூரை ஒழுகுது, யாருகிட்ட சொல்றது" என்று இருந்தது. வெள்ளையடிக்க வந்தவர், "குப்பையா மிஸ்?" என்று கையை நீட்டினார். இல்லை என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

கொழும்பில் ஆறு வருடம் இணையத்தளங்கள் செய்துவிட்டு இந்த உதவி நிலையத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சமல்ல. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வீடு, மழைக்காலம் என்று தேயிலைத் தோட்டத்து மக்கள் எதைக் கேட்டாலும் தொலைபேசியில் பதில் சொல்வது உன் வேலை. அதே பதில்களை இணையத்தளத்தில் அடுக்கி வைப்பது என் வேலை. ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே, ஒரே வயதுக்காரிகள் இரண்டு பேர், எதிரெதிர் மேசை.

முதல் மாதத்திலேயே ஒரு பெரிய தாளில் தளத்தின் வரைபடத்தைப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். உச்சியில் முகப்பு. அதன் கீழே ஏழு பெட்டிகள்: பிரதேச செயலகம், பதிவாளர், தோட்ட நிர்வாகம் என்று அலுவலகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கிளை, கிளைக்குக் கிளை, மூன்று நிறத்தில் கோடு. நீ ரொட்டியும் சம்பலுமாக வந்து அதன் முன்னால் நின்றாய்.

"ரொம்ப அழகா இருக்கு புள்ள. இதுல எங்க அமுக்குனா கூரை ஒழுகுறது வரும்?"

"தோட்ட நிர்வாகம், அதுக்குள்ள உட்கட்டமைப்பு, அதுக்குள்ள வீடமைப்பு" என்றேன்.

"அது தெரிஞ்சவங்க எனக்கு எதுக்கு போன் பண்ணப் போறாங்க?"

மூன்று நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. உனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. அந்த மூன்று நாளும் வந்த ஒவ்வொரு அழைப்பையும், கூப்பிட்டவர் சொன்ன சொல்லிலேயே ஒவ்வொரு அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குச் சாமான் வாங்க வந்த பெண்களில் நாலைந்து பேரைப் பிடித்து மேலே கூட்டி வந்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, அட்டைகளைத் தரையில் பரப்பினாய். "எது எது ஒண்ணா இருக்கணும்னு வைங்க. சரி தப்பு கெடயாது" என்றாய்.

"பேருல பிழை இருக்கு" என்ற அட்டையை ஒரு பெண் "ஸ்கூல்ல சேக்கணும்" என்பதன் பக்கத்தில் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என் தாளில் ஒன்று பதிவாளர் பெட்டியில் இருந்தது, மற்றது கல்விப் பெட்டியில். ஏன் அங்கே வைத்தார் என்று கேட்டேன். "ஸ்கூலுக்குப் போகைலதானங்க பிழை இருக்கறதே தெரியவருது" என்றார். நீ என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் உன் தோள் சிரிப்பில் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் ஏழு பெட்டியும் போய் "பிள்ளை பிறந்தால்", "பள்ளிக்கூடம்", "வீடு", "வேலை நின்றால்", "மழை" என்று வந்துவிட்டது. என் தாளைக் கழற்றும்போது அழுகையே வந்தது. இன்றைக்குச் சொல்கிறேன், நான் படித்துத் தெரிந்துகொண்டிருந்த முறைதான் அது. அட்டை எழுதி ஆட்களை அடுக்கச் சொல்வதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பெயரே இருக்கிறது. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோயிருந்தேன். நீ அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே செய்தாய்.

உன்னைத் தெய்வமாக்கப் போவதில்லை. மவுஸைத் தொட்டாலே எதையாவது மூடிவிடுவாய். ஒரு அழைப்பில் மூன்று குடும்பத்துக் கதையைப் பேசி மற்றவர்களைக் காக்க வைப்பாய். அப்படியும் தினம் காலையில், தொலைபேசி அடிக்கத் தொடங்குமுன், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கணினியில் ஒன்றை மட்டும் வாசிப்பாய்: தளத்தின் தேடல் பெட்டியில் ஆட்கள் எழுதி, எதுவுமே கிடைக்காமல் போனவற்றின் பட்டியல். எனக்கு அது குப்பைக் கூடை. ஆட்களுக்கு ஒழுங்காகத் தேடத் தெரியவில்லை என்பதற்கு ஆதாரம், அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் ஐந்து நாள் விடாமல் பெய்த மழை நினைவிருக்கும். மண்சரிவு பயம் வந்தால் எந்தத் தோட்டத்தார் எங்கே போய்த் தங்கலாம் என்று ஒரு பக்கம் போட்டிருந்தோம். பதிவேட்டில் இருந்த எல்லாத் தோட்டமும் அதில் உண்டு, என் பெருமைக்குரிய பக்கம். ஐந்தாம் நாள் காலை நீ பட்டியலை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய்.

"ரெட்டப்பாலம் தோட்டம், எங்க போறதுன்னு விடியலயில இருந்து திரும்பத் திரும்பத் தேடியிருக்காங்க. ஒண்ணுமே காட்டல. நம்மகிட்ட ரெட்டப்பாலம் இல்லயா?"

"அப்படி ஒரு தோட்டமே இல்ல" என்றேன். பதிவேட்டைப் பார்த்துவிட்டே சொன்னேன்.

"நான் அங்கதான் பொறந்தேன்."

அந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர் லொக்பேர்ன். பெயர்ப்பலகையிலும் பதிவேட்டிலும் என் பக்கத்திலும் அதுதான். அங்கே குடியிருப்பவர்கள் வாயில் நாலு தலைமுறையாக ரெட்டப்பாலம். இது எனக்குத் தெரியாத விஷயமா? ராகலையில் நான் பிறந்த தோட்டத்துக்கும் இரண்டு பெயர். படிவம் நிரப்ப ஒன்று, வீட்டில் சொல்ல ஒன்று. படிவத்துப் பெயர்தான் எழுதத் தகுந்த பெயர் என்று சின்ன வயதிலேயே பழகிவிட்ட கை, தளத்திலும் அதையே எழுதிவிட்டது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த ஒருத்தி செய்த பிழை அது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நீ என்னைத் திட்டவில்லை, அதற்கு நேரமும் இல்லை. ரெட்டப்பாலத்துக் கடைக்குப் போன் போட்டாய். கீழ்ப்பிரிவு லயத்துக்குப் பின்னால் கலங்கல் தண்ணீர் ஊறுகிறது என்றார்கள், மண் சரியுமுன் வரும் அறிகுறி. "மேல இருக்க ஸ்கூலுக்குப் போகச் சொல்லுங்க. சாமான் கட்ட வேணாம். ஆளுங்க மட்டும்" என்று நாலு தரம் சொன்னாய். பகல் சாப்பாட்டு நேரத்துக்குக் கடைசி லயத்தின் பின்சுவர் மண்ணோடு உள்ளே விழுந்தது. அறைகளில் யாரும் இல்லை. செய்தியைக் கேட்டு நீ போனை வைத்தாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "பெறகு கேளு. இப்ப மத்தத் தோட்டத்துப் பேரெல்லாம் எழுது" என்றாய்.

திம்புள்ள, உடப்புசல்லாவை என்று ஊர் ஊராகப் போன் பேசி, ஒவ்வொரு தோட்டத்துக்கும் மக்கள் சொல்லும் பெயரை வாங்கினோம். இப்போது எந்தப் பெயரை எழுதினாலும் ஒரே பக்கம்தான் வரும். "முடிவுகள் எதுவும் இல்லை" என்று தளம் காட்டிக்கொண்டிருந்த வரியையும் நீதான் எடுக்க வைத்தாய். "வாசல்ல வந்து நிக்கிறவங்கள ஒண்ணுமில்லன்னு அனுப்புவியா?" என்றாய். அதன் இடத்தில் நம் தொலைபேசி எண்ணைப் போட்டோம். கொழும்பில் எத்தனை கூட்டங்களில் இருந்தேன். இதை யோசித்த ஒருவரும் அங்கே இல்லை.

போன வருடம் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. காரியம் முடிந்த வாரம் உன் நாற்காலியில் உட்கார்ந்து நான் அந்தப் பட்டியலைத் திறந்தேன். முதல் வரியில், "போன் எடுக்கிற அக்கா" என்று இருந்தது. நாலு வரி தள்ளி, வேறொருவர்: "அந்த அக்கா எப்ப வருவாங்க".

உன் சட்டப்படி மக்கள் எதை எழுதித் தேடினாலும் அது எங்காவது போய்ச் சேர வேண்டும். உன்னை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மரண அறிவித்தல் போடலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உன்னைத் தேடி வருகிறவருக்கு உன் சாவுச் செய்தி மட்டும் போதாது, அவர் ஏதோ ஒரு தொல்லையோடுதான் வந்திருப்பார். நான்கு நாள் எழுதி எழுதி அழித்து, கடைசியில் இரண்டு வரியில் ஒரு பக்கம் செய்தேன்: "அந்த அக்கா காலமாகிவிட்டார். உங்களுக்கு என்ன வேண்டுமென்று எங்களிடம் சொல்லுங்கள், அவர் இடத்தில் இருந்து கேட்கிறோம்." கீழே எண்.

தளத்தில் எதை மாற்றினாலும், அது ஓடுகிறதா என்று மறுநாள் சோதிப்பது என் வழக்கம். இதை மட்டும் ஒரு வருடமாகத் தினமும் சோதிக்கிறேன். காலையில் வந்ததும் அந்தப் பெட்டியில் "போன் எடுக்கிற அக்கா" என்று எழுதித் தேடுகிறேன். பக்கம் ஒரு நாளும் பிழையாக வந்ததில்லை. நான் எழுதிய இரண்டு வரிதான், இருந்தும் கடைசிச் சொல்வரை வாசித்து முடிக்காமல் என்னால் அதை மூட முடிவதில்லை.