யாரும் போகாத கோடு

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு பச்சை வாழைத்தாரை என் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்கள். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் வாழைப்பால் வாடை புடவையில் ஏறிவிட்டது. கையில் போன், போனில் நம் கட்டுரைக்கு ஆய்விதழ் அனுப்பிய பதில். உன்னிடம் காட்டி ஆத்திரம் தீரத் திட்ட வேண்டும் போலிருந்தது. போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், நாம் சேர்ந்து எழுதியதை என் தலையில் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

முதலீடு வந்தால் வளர்ச்சி வரும் என்று நம் கல்லூரியில் எல்லோரும் பாடம் நடத்தினார்கள். ஓர் ஊர் அடுத்து எந்தத் தொழிலைப் பிடிக்கும் என்பது அதற்கு ஏற்கெனவே கைவந்த தொழில்களைப் பொறுத்தது என்று நாம் சொன்னோம். சிக்கல்தன்மைக் கோட்பாடு என்று பெரிய பெயர். நாம் செய்தது தொழில்களைப் புள்ளிகளாக்கி, ஒன்றின் கைப்பழக்கம் இன்னொன்றுக்கு வழிவிடும் இடத்தில் கோடு இழுப்பது. அதற்கு நீ ஒரு விதி வைத்திருந்தாய். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கும் ஒரு பம்புப் பட்டறைக்கும் நடுவே கோடு போட வேண்டுமானால், அங்கிருந்து இங்கே நிஜமாகவே வேலை மாறிய ஒருவரையாவது நாம் பார்த்திருக்க வேண்டும். “கணக்கு சொல்லுதுன்னு சொல்லாதடி, போன ஆளைக் காட்டு.”

வாழைக்கும் உணவுப் பதப்படுத்தலுக்கும் நடுவே நான் கோடு போட்டிருந்தேன். மாவட்டக் கணக்கில் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. கட்டுரையின் முடிவே அந்தக் கோட்டில்தான் நின்றது. நீ என்னைத் தொட்டியத்துக்கு இழுத்துப் போனாய். வாழை மண்டியில் ஒவ்வொருவரிடமும் என்ன வேலை, பிள்ளைகள் எங்கே, எவ்வளவு நாளாக என்று விசாரித்தாய்.

“எதுக்கும்மா, மாப்பிள்ளை பாக்க வந்திருக்கீங்களா?” என்றார் தரகர் ஒருவர்.

“ஆமாங்க. வேலை புடிச்சிருக்கு, ஆளைத்தான் யோசிக்கணும்.”

மண்டியே சிரித்தது. பதில் மட்டும் மாறவில்லை. பிள்ளைகள் திருப்பூரில், துபாயில். அங்கிருந்த பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்ப்பவர்களும் நடத்துபவரும் வெளியூர். திரும்பும் பஸ்ஸில் என் மடியிலிருந்த படத்தை வாங்கி அந்தக் கோட்டை அழித்தாய். முசிறி வரை நான் உன்னோடு பேசவில்லை.

“கோவிச்சுக்கோ. ஆனா போகாத ஊருக்கு வழி சொல்லாத.”

இப்போது ஆய்விதழ் கேட்பது அதே கோட்டைத்தான். ‘தனிநபர் கதைகளை’ எடுத்துவிட்டு மாவட்டக் கணக்கை வைத்தால் வெளியிடுவார்களாம். வெளிவந்தால் எனக்குப் பேராசிரியர் பதவி. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் ஏறிவிட்டார்கள்.

“ஒரு கோடுதானே மேடம், போட்டு அனுப்புங்க,” என்றார் துறைத் தலைவர். “உறுத்துச்சுன்னா அவங்க பேரை எடுத்துடுங்க. அவங்களா வந்து கேக்கப் போறாங்க?”

நீ வந்து கேட்க மாட்டாய் என்பதுதானே என் பிரச்சினை. இருந்திருந்தால் கத்தியிருப்பேன், நீயும் கத்தியிருப்பாய், யாராவது ஒருவர் இறங்கி வந்திருப்போம். இப்போது உன் பக்கத்து வாதத்தையும் நானே பேச வேண்டியிருக்கிறது. அதுவும் நீ பேசியதைப் போலவே நன்றாகப் பேசித் தொலைக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் பதில் எழுதினேன். கோடு இல்லை. இரண்டு பெயர்களும் இருக்கின்றன. கட்டுரை திரும்பி வரும். பதவியும் இந்த முறை இல்லை. நல்லதைச் செய்தவளுக்கு நிம்மதி வரும் என்பார்களே, எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நான் செய்தது சரி என்று இன்னும் முழுதாகத் தோன்றவில்லை; உன்னிடம் தோற்ற எந்த வாதத்திலும் உடனே அப்படித் தோன்றியதில்லை. இனி எதை எழுதினாலும் உன்னிடம் ஒருமுறை தோற்றுவிட்டுத்தான் அனுப்ப முடியும் போலிருக்கிறது. அதற்கெல்லாம் இங்கே யாரும் பதவி உயர்வு தருவதில்லையடி.