வெட்டி எடுத்த கொலுசு

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
17.8.2003

அன்புள்ள நோயல் மாமாவுக்கு,

அடைக்கலமேரி வணக்கத்துடன் எழுதுவது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெர்லின் அக்கா நன்றாக இருக்கிறாள், பாப்பாவும் நன்றாக இருக்கிறாள். மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படியுங்கள். போனில் சொல்லலாம் என்றால், எதிர்வீட்டுப் போனுக்குப் பக்கத்திலேயே அம்மா நின்றுகொள்கிறார். அக்காவும், "அவர்கிட்ட சொல்லித் தொலைக்காத, வெளிநாட்டுல தனியா கிரேன்ல ஏறுற மனுஷன்" என்று என் வாயை அடைத்திருக்கிறாள்.

பாப்பா பிறந்தபோது நீங்கள் போனில், "மெர்லினைக் கால் தரையில வைக்க விடாதீங்க அத்தை" என்றீர்கள் அல்லவா? அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு மறுநாளே நர்ஸ் அக்காவை எழுப்பி நடக்க வைத்தார். வீட்டுக்குப் போயும் நடக்கணும் என்றார். அம்மா என் காதில், "அதுங்களுக்கு பெட்டு காலியாவணும், அதான் நட நடன்றாங்க. மாப்ள இன்னா சொல்லிகீறாரு?" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு அக்கா கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. பச்சை உடம்பு, வயிறு ஊதிவிடும் என்று தண்ணீரும் தொண்டை நனையத்தான்.

ஒரு காலையில் இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்று அக்கா அழுதாள். சுளுக்கு என்று அம்மா முடிவு கட்டினார். பாப்பாவைக் குளிப்பாட்ட வரும் புஷ்பவல்லி அக்காவிடம் நீவிவிடச் சொன்னார். அவர் எண்ணெயைச் சூடுபண்ணிக் கையில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நான் அக்காவின் கொலுசைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு நீங்கள் போட்டது. வலது காலில் எப்போதும்போல் தொளதொளவென்று கிடந்தது. இடது காலில் சதைக்குள் புதைந்திருந்தது. திருகைக்கூடத் தொட முடியவில்லை. தோல் பளபளவென்று, சூடாக இருந்தது.

என் வாய் சும்மா இருக்குமா? "கட்டில வுட்டே எறங்காதவளுக்கு சுளுக்கு எப்புடிம்மா வரும்? கனவுல ஓடினாளா?" என்று கேட்டேன்.

"வந்துட்டாடி டாக்டரம்மா! பத்தாவது பாஸ் பண்ணு மொதல்ல" என்று அம்மா கத்தினார்.

புஷ்பவல்லி அக்கா முதலில் சிரித்தார். பிறகு இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். "பொண்ணு கேக்கறது நாயமாத்தான் கீது. ஒத்தக் கால் மட்டும் இன்னாத்துக்கு இம்மாம் வீங்கிக்கினு கீது? எனுக்கு பயமா கீதும்மா, நான் தொடல" என்று கையைத் துடைத்துக்கொண்டார். உடனே ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் கொலுசை வெட்டித்தான் எடுத்தார்கள். ஸ்கேனில், தொடையில் இருக்கும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்து அடைத்திருப்பது தெரிந்தது. டாக்டர் முதலில் கேட்டது, "காலை நீவினீங்களா?" என்பதுதான். இல்லை என்றதும் அவர் முகம் இளகியது. நீவினால் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாமாம். அப்படிப் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். உயிருக்கே ஆபத்து என்றார். அம்மா வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாமா, எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருந்தது. இதயம் ரத்தத்தைக் கால்வரை தள்ளுகிறது, சரி. காலிலிருந்து மேலே ஏற்றுவது யார்? எங்கள் பாடத்தில் இல்லை. டாக்டரையே கேட்டேன். கெண்டைக்கால் சதைதானாம்! நம் தெரு அடிபம்பு மாதிரி. நடக்கும்போது சதை ரத்தக்குழாயை அமுக்கும், ரத்தம் மேலே ஏறும். பம்புக்குள் வாஷர் இருப்பதுபோல் குழாய்க்குள்ளும் சின்னச் சின்னக் கதவுகள் இருப்பதால் கீழே இறங்காது. அடிக்காத பம்பில் தண்ணீர் வருமா? பிரசவத்தில் அதிகம் ரத்தம் போய்விடக் கூடாது என்று உடம்பே அந்தச் சமயத்தில் ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்குமாம். அதோடு ஆபரேஷனும் செய்து, அசையாமல், தண்ணீரும் குடிக்காமல் கிடந்தால்? நான் நுனிக்காலில் நின்று என் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி ஆகிறது. நீங்களும் பாருங்கள். இப்போதெல்லாம் பஸ் ஸ்டாப்பில் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்க்கிறேன்.

ரத்தம் மேலும் உறையாமலிருக்கப் போட்ட ஊசி முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி சில மாதங்கள் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. பாப்பாவுக்குப் பால் கொடுக்கலாம் என்றார்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் வர வேண்டும் என்றார்கள். அதனால் அக்கா தூக்கத்தில் மூச்சு விடுவதை நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போதுதான் கஷ்டமே. வலி பொறுக்கும் அளவுக்கு நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவோ, "நல்ல காலயே தரையில வெக்க வேணான்னாரு மாப்ள. நோவு வந்த கால வெச்சி நடக்க வுடுவனா?" என்கிறார். அக்கா எழுந்தாலே, "படுடி" என்று ஓடி வருகிறார். பாசம்தான் மாமா. நீங்கள் சொன்னதும் பாசத்தில்தான், எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் பேச்சு, என் பேச்சு எதுவும் உங்கள் பேச்சுக்கு முன்னால் எடுபடவில்லை.

வெட்டிய கொலுசைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். வண்ணாரப்பேட்டையில் பற்றவைக்கக் கொடுக்கட்டுமா என்றேன். "அவரே வந்து கொடுக்கட்டும்" என்கிறாள் அக்கா. வரும்போது பிளேனில் மடங்கிக்கொண்டே தூங்காதீர்கள். எழுந்து எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரே ஒரு போன் பண்ணுங்கள், மாமா. அம்மாதான் எதிர்வீட்டுக்கு ஓடி வந்து பேசுவார். "அத்தை, மெர்லின் நடக்கட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் வரும் அன்று அக்கா வாசல்வரை நடந்து வந்து உங்களைக் கூப்பிட வேண்டும்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள் அன்புள்ள,
அடைக்கலமேரி